வலப்பக்கம் ஜெயிக்கும்

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டு ஆரோக்கியராஜ் கொடுத்தது. போன மாதம் மீட்டிங்கில் ஒரு பெண்ணைப் பார்த்து, "உங்களுக்கு இந்த வேலையைக் கொடுத்தது யாரு?" என்று கேட்டுவிட்டேனாம். அவள் அழுதாளாம். மறுவாரமே வேலையை விட்டுப் போய்விட்டாள். அதனால் வாயில் வருவதை நான் முதலில் நோட்டில் எழுத வேண்டுமாம். எழுதிய பிறகும் சொல்லத் தோன்றினால் சொல்லலாமாம். ஆரோக்கியராஜுக்கு முப்பத்து நான்கு வயது, எனக்கு நாற்பத்தேழு. நான் புரோகிராம் எழுத ஆரம்பித்தபோது அவன் அரைக்கால் சட்டையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். இன்று அவன் எனக்கு மேனேஜர்.

எழுதுகிறேன். அவன் சொன்னதற்காக அல்ல. குறுக்கே பேசாமல் கேட்க நோட்டாவது இருக்கட்டும்.

காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. சுகந்தி கும்பகோணத்தில் தம்பி வீட்டுக்குப் போய்ப் பதினெட்டு நாளாகிறது. ஒரு வாரம் என்று சொல்லிவிட்டுப் போனவள். சிலிண்டருக்குப் பதிவு செய்யும் நம்பர் எங்கே என்று போனில் கேட்டேன். ஃபிரிட்ஜ் கதவில் என்றாள். வேறெதுவும் பேசவில்லை.

ஜூன் 5, புதன்

புது வேலை வந்திருக்கிறது. ஓர் அறக்கட்டளைக்கு இரண்டு மருத்துவமனைகள்: ஒன்று கோபியில், ஒன்று இங்கே கோவையில். நோயாளிகளுக்கு இரண்டு இடத்திலும் ஒரே அட்டை, ஒரே எண். ஆனால் விவரங்கள் தனித்தனிக் கம்ப்யூட்டரில். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆரோக்கியராஜ் இதற்கு ஆறு வாரம் போட்டிருக்கிறான். எனக்கு ஒரு வரி போதும்.

அவனுக்கு விளக்குவதற்கே முக்கால் மணி நேரம் போனது. பைதான் என்ற புரோகிராம் மொழியில் டிக்‌ஷனரி என்று ஒன்று உண்டு. ஒரு சாவி, அதற்கு ஒரு மதிப்பு. இங்கே சாவி என்பது நோயாளியின் எண். மதிப்பு என்பது அவரைப் பற்றிய எல்லாமும்: பெயர், வயது, ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து. கோபிக்கு ஒரு டிக்‌ஷனரி, கோவைக்கு ஒன்று. நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டால் இரண்டும் சேர்ந்துவிடும். ஒரே எண் இரண்டிலும் இருந்தால் வலப்பக்கம் இருப்பது நிற்கும். கோவை புதிது, ஆகவே கோவை வலப்பக்கம். முடிந்தது.

"அவ்வளவுதானா சார்?" என்றான். மேனேஜ்மென்ட் படிப்பை இவர்களுக்கு எடை போட்டுத்தான் கொடுக்கிறார்கள் போல.

சோதித்துப் பார்க்க எனக்குத் துணையாக ஷமீமாவைப் போட்டிருக்கிறான். முப்பத்தெட்டு வயது, போத்தனூரிலிருந்து வருகிறாள். ஏதோ ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடம் ரெக்கார்டு ரூமில் ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்தவள். மாலை வகுப்பில் ஆறு மாதம் படித்துவிட்டு இந்தத் துறைக்கு வந்திருக்கிறாள். இப்போதெல்லாம் யார் வேண்டுமானாலும் வரலாம்.

ஜூன் 7, வெள்ளி

ஓட்டிப் பார்த்தேன். கோபியில் 41,308 பேர். கோவையில் 63,950. சேர்த்த பிறகு 98,112. இரண்டிலும் இருப்பவர்கள் 7,146. ஒன்றரை விநாடியில் முடிந்தது.

ஷமீமா திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ரெண்டு பக்கமும் இருக்கறவங்களுக்கு என்னாகும் சார்?"

"வலப்பக்கம் ஜெயிக்கும்."

"தோத்தது எங்க போகும்?"

இதுதான் கேள்வி. டிக்‌ஷனரியின் முதல் பாடத்தில் இருப்பது. எங்கேயும் போகாது மேடம், காணாமல் போகும், அதற்குப் பெயர்தான் சேர்ப்பது என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். அரை மணி நேரம் கழித்து மறுபடி வந்தாள்.

"கோவைல இருக்கற விவரம் கோபில இருக்கறத விடக் கம்மியா இருந்தா?"

"புதுசுதான் சரி."

"புதுசுன்னா சரின்னு இல்லைங்க சார்."

நோட்டில் எழுதிவிட்டேன். எழுதிய பிறகும் அவளிடம் சொல்லத்தான் தோன்றுகிறது.

ஜூன் 9, ஞாயிறு

துணி துவைத்தேன். வெள்ளைச் சட்டையெல்லாம் நீலமாகிவிட்டது. சாம்பார் வைத்தேன். அதைப் பற்றி எழுதுவதற்கில்லை.

ஜூன் 12, புதன்

வாராந்திர மீட்டிங்கில் ஷமீமா எழுந்து நின்றாள். இரண்டு பக்கமும் இருக்கும் 7,146 பேரை உள்ளே போய் ஒவ்வொரு விவரமாக ஒப்பிட வேண்டுமாம். அதற்கென்று அறுபது வரியில் ஃபங்ஷன் என்று ஒரு சின்ன புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறாளாம். மூன்று வாரம் வேண்டுமாம்.

நான் சிரித்தேன். சிரிக்கக் கூடாது என்று ஆரோக்கியராஜ் எங்கும் சொல்லவில்லை.

"மேடம், ரெக்கார்டு ரூம்ல தூசி தட்டற மாதிரி இங்க வேலை பாக்க முடியாது. ஒரு வரில முடிஞ்சத அறுபது வரில எழுதறதுக்குப் பேரு உழைப்பு இல்ல."

நான்கைந்து பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "ஒருத்தருக்கு ஆகாத மருந்து எதுன்னு கோபில எழுதியிருக்கு சார். அது போயிரும்" என்றாள். அதற்குள் ஆரோக்கியராஜ் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டான். 24ஆம் தேதிக்குத் தருவதாக அறக்கட்டளைக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டானாம்.

ஜூன் 14, வெள்ளி

என் மேசைக்கு வந்து நான்கு தாள்களை வைத்தாள். கையெழுத்தில். இரண்டு பத்தியாகக் கோடு போட்டு, இடது பக்கம் கோபி, வலது பக்கம் கோவை, இருபது பெயர்கள். மெயில் என்று ஒன்று கண்டுபிடித்து ஐம்பது வருடமாகிறது.

"நேரம் கிடைக்கும்போது பாருங்க சார்."

பார்க்கிறேன் என்றேன். டிராயரில் போட்டேன். டிராயரில் பழைய சார்ஜர் ஒயர், தலைவலித் தைலம், ஆரோக்கியராஜின் நலத்திட்டக் கையேடு எல்லாம் இருக்கின்றன. பொருத்தமான இடம்.

ஜூன் 20, வியாழன்

ஒப்படைப்புப் படிவத்தில் 'சோதித்தவர்' என்று ஒரு கட்டம். ஷமீமா கையெழுத்துப் போடவில்லை. தாளைப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டாள். வேலை இருக்கிறது என்றேன்.

சாயங்காலம் ஆரோக்கியராஜ் போனில், "ஷமீமா பாத்தாங்களா சார்?" என்றான்.

"பாத்தாங்க."

பார்த்தாள்தானே. பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கட்டத்தில் அவள் பெயரைத் தட்டெழுதி அனுப்பிவிட்டேன். ஒரு கட்டம் காலியாக இருந்தால் மறுபடி ஒரு மீட்டிங் போடுவான்.

ஜூன் 24, திங்கள்

காலை பத்து மணிக்கு இரு மருத்துவமனைகளிலும் ஒரே பட்டியல் ஓட ஆரம்பித்தது. ஒரு தடங்கலும் இல்லை. ஆரோக்கியராஜ் மைசூர்பா கொண்டுவந்தான். ஷமீமா எடுத்துக்கொள்ளவில்லை. சிலருக்கு அடுத்தவன் வெற்றி இனிக்காது.

ஜூன் 27, வியாழன்

மோட்டாரில் காற்று ஏறித் தண்ணீர் வரவில்லை. பிளம்பர் இரண்டு நாளாக வருகிறேன் வருகிறேன் என்கிறான். சுகந்தி கும்பகோணத்திலிருந்தே அவனுக்குப் போன் செய்தாள். பத்து நிமிடத்தில் வந்தான்.

எப்போது வருகிறாய் என்று கேட்டேன். ஆடி பிறக்கப் போகிறது, ஆடியில் கிளம்பக் கூடாது, ஆவணி வரட்டும் என்றாள். ஆடி பிறக்க இன்னும் இருபது நாள் இருக்கிறது.

ஜூலை 2, செவ்வாய்

கோவை மருத்துவமனையில் நேற்று ஒரு கேஸ். கோபிப் பக்கத்து நூற்பாலையில் வேலை செய்யும் பெண், ஐம்பத்திரண்டு வயது. காலில் ஆணி குத்திய புண். பெனிசிலின் ஊசி போட்டிருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் மூச்சு அடைத்து விழுந்திருக்கிறாள். இதயம் நின்று மறுபடி ஓடியிருக்கிறது. ஐசியூவில் இருக்கிறாள்.

அந்த மருந்து அவளுக்கு ஆகாது என்று கோபியில் எட்டு வருடத்துக்கு முன்பே எழுதியிருந்ததாம். திரையில் 'இல்லை' என்று இருந்ததாம்.

டாக்டருக்குப் படித்தவன் ஊசி போடுமுன் வாயைத் திறந்து கேட்க மாட்டானா? நர்ஸுக்கு என்ன வேலை? எல்லாவற்றுக்கும் திரையைப் பார்ப்பவர்களுக்கு வெள்ளைக் கோட்டு எதற்கு? ஆரோக்கியராஜ் என்னைக் கூப்பிட்டபோது இதைத்தான் சொன்னேன். அவன் முகம் வெளுத்திருந்தது. திரையில் இருப்பதை இப்போதைக்கு நம்ப வேண்டாம், எல்லோரையும் வாயால் கேளுங்கள் என்று இரு மருத்துவமனைகளுக்கும் சொல்லியாகிவிட்டதாம். திங்கட்கிழமைக்குள் நான் சரிசெய்து தர வேண்டுமாம்.

ஜூலை 3, புதன்

ஒப்படைப்புப் படிவத்தை எடுத்துப் பார்த்துவிட்டார்கள். சோதித்தவர்: ஷமீமா.

கண்ணாடி அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

"நான் ஒத்துக்கல சார்" என்றாள் ஷமீமா. "கையெழுத்தும் போடல. என்ன போகும்னு தாள்ல எழுதி சார்கிட்ட குடுத்தேன்."

ஆரோக்கியராஜ் என்னைப் பார்த்தான். "குடுத்தாங்களா?"

"ஞாபகம் இல்ல" என்றேன். "ஒரு நாளைக்கு எத்தனையோ தாள் வருது."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஃபைலில் இருக்க வேண்டிய ஒரு தாளைக் காணாதவள் போலப் பார்த்தாள்.

ஜூலை 4, வியாழன்

விசாரணை முடியும்வரை ஷமீமா வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள். என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். மறுமுனையில் யாரும் இல்லை.

ஜூலை 5, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 6, சனி

அலுவலகத்தில் யாருமில்லை. இருபது வரியில் புதிதாக எழுதினேன். மேலோட்டமாகச் சேர்க்காமல் உள்ளே போய், கோவையில் காலியாக இருந்தால் கோபியில் இருப்பதை எடுத்துக்கொள்ளும்படி. ஓட்டினேன். ஆகாத மருந்து விவரம் 31 பேருக்குத் திரும்ப வந்தது. அந்த ஐசியூ கேஸுக்கு வரவில்லை.

ஒரு மணி நேரம் பார்த்தேன். பிழை எங்கேயும் இல்லை. வரவுமில்லை.

வேறு வழியில்லாமல் ஷமீமாவின் ஃபோல்டரைத் திறந்தேன். அறுபது வரி அல்ல, எழுபத்து நான்கு. புரோகிராமுக்குள் வைத்த பெயரெல்லாம் அனுமார் வால் நீளம். வரிக்கு வரி தமிழில் விளக்கம் வேறு. நாற்பத்தோராவது வரிக்கு மேல் இப்படி எழுதியிருந்தது:

"கோவையில் புதிதாகப் பதிவு செய்யும்போது ஆகாத மருந்து என்ற இடத்தில் கம்ப்யூட்டர் தானாகவே 'இல்லை' என்று போட்டுவிடுகிறது. அந்த 'இல்லை'க்கு அர்த்தம் ஆகாத மருந்து இல்லை என்பதல்ல. யாரும் கேட்கவில்லை என்பது. ஆகவே கோவையின் 'இல்லை' கோபியில் எழுதியிருப்பதை அழிக்கக் கூடாது."

இரண்டு மருத்துவமனைகளின் பதிவு மேசைக்கும் போன் செய்து கேட்டுத் தெரிந்துகொண்டது என்று தேதி போட்டுக் குறித்திருந்தார்.

ஓட்டினேன். 212 பேர். 11 விநாடி.

ஜூலை 7, ஞாயிறு

வீட்டில் அரிசி இல்லை. கடைக்குப் போகவில்லை.

ஜூலை 8, திங்கள்

அந்த 212இல் ஒன்பது பேருக்கு இரண்டு பக்கமும் வெவ்வேறு மருந்து எழுதியிருந்தது. எதை வைப்பது என்று தெரியவில்லை. ஷமீமாவுக்குப் போன் செய்தேன். முதல் தடவையே எடுத்தார்.

"சொல்லுங்க சார்."

"உங்க ஃபங்ஷன்ல ஒரு சந்தேகம்." இந்த வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. "ஒன்பது பேருக்கு ரெண்டு பக்கமும் வேற வேற மருந்து இருக்கு. எதை எடுக்கறது?"

"எதையும் எடுக்காதீங்க சார், ரெண்டையும் வைங்க. ஒருத்தருக்கே ரெண்டு மருந்து ஆகாம இருக்கலாமில்ல? வெச்சுட்டு அவங்களையே கேக்கணும்."

"சரி."

போனை வைக்கப் போனேன். "ரங்கநாயகியம்மாவப் போய்ப் பாத்தீங்களா சார்?" என்றார்.

"யாரு?"



"ஊசி போட்டாங்களே, அவங்க. நேத்து வார்டுக்கு மாத்தீட்டாங்க. பேச்சு இழுக்குது. போகப் போகச் சரியாயிரும்னு டாக்டர் சொல்றாங்க."

"நர்ஸ் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றேன்.

"கேட்டாங்க சார். அந்தம்மா என்ன சொல்லியிருக்காங்கன்னா, 'அதெல்லாம் கோபிலயே எழுதி வெச்சிருக்குதுங்க கண்ணு, நீங்களே பாத்துக்கங்க'ன்னு. நர்ஸ் பாத்தாங்க. இல்லைன்னு இருந்துச்சு."

போனை வைத்த பிறகு டிராயரைத் திறந்தேன். தைலம் கசிந்து முதல் தாளின் ஓரம் எண்ணெயாகியிருந்தது. 'கோவைக்கு அடிக்கடி வந்துபோகிறவர்கள் மட்டும்' என்று மேலே தலைப்புப் போட்டிருந்தார். பதினோராவது பெயர்: ரங்கநாயகி, 52. இடது பக்கம் பெனிசிலின். வலது பக்கம் இல்லை. அந்த வரிக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு. மாதாமாதம் வருகிறவர் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு.

பதினேழு நாள் என் முழங்காலுக்கு அரை அடி தள்ளி இருந்திருக்கிறது. ஜூன் 14இலிருந்து ஜூலை 1 வரை. விரல்விட்டு எண்ணினேன்.

ஜூலை 9, செவ்வாய்

நான்கு தாள்களையும் ஆரோக்கியராஜின் மேசையில் வைத்தேன்.

"இது என்ன சார்?"

"ஷமீமா குடுத்தது. பதினாலாம் தேதி குடுத்தாங்க. நான் படிக்கல. படிவத்துல அவங்க பேரப் போட்டது நான்."

ஒவ்வொரு தாளாகப் புரட்டினான். பதினோராவது பெயரில் நின்றான்.

"அன்னைக்கு ஞாபகம் இல்லன்னீங்க."

"இருந்துச்சு."

கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் சுலபம், எனக்கும் கத்தத் தெரியும். அவன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானும் கேக்கலியே சார்" என்றான். "அவங்க எந்திரிச்சு நின்னு சொன்னாங்க. நான் அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டேன்."

அவன் முட்டாள் என்று முதல் பக்கத்திலிருந்தே எழுதிக்கொண்டு வருகிறேன். இன்று அறையை விட்டு வெளியே வரும்போது யாரைப் பற்றி அப்படி நினைத்தேன் என்று எழுதப்போவதில்லை.

ஜூலை 10, புதன்

சுகந்திக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?" என்றாள். இன்னும் இல்லை என்றேன். "என்கிட்டயும் கேட்டதில்ல" என்றாள். எதற்கு என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

ஜூலை 15, திங்கள்

தீர்ப்பு வந்துவிட்டது. இந்த மாதக் கடைசியோடு எனக்கு வேலை இல்லை. அதுவரை இந்த ஒரு வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும். வேலைக்குப் பொறுப்பு ஷமீமா. அவர் சொல்வதை நான் செய்ய வேண்டும்.

காலையில் வந்ததும் அவர் எதிரில் போய் நின்றேன். மன்னித்துவிடுங்கள் என்றேன்.  உட்காருங்கள் என்று அவர் சொல்லவில்லை.

"வீட்ல இருந்த பதினோரு நாள்ல என்ர பையன் தினமும் கேப்பான் சார், அம்மா என்ன தப்புப் பண்ணுனீங்கன்னு. அதுக்கு நான் என்ன சொல்றது?"

 அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒரு பட்டியலை நீட்டினார். 212 பெயர்கள், போன் நம்பர்கள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு எந்த மருந்து ஆகாது என்று அவர்கள் வாயாலேயே கேட்டு, திரையில் இருப்பதோடு ஒப்பிட்டு, டிக் போட வேண்டும்.

இதற்கு ஒரு புரோகிராம் எழுதி எல்லோருக்கும் ஒரே நிமிடத்தில் குறுஞ்செய்தி அனுப்பலாமே என்றேன். பழக்கம்.

"வேண்டாங்க சார். நீங்க பேசுங்க."

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. இதுவரை 64 பேர். பாதிப் பேர் கடன்காரன் என்று நினைத்து வைத்துவிடுகிறார்கள். சத்தியமங்கலத்தில் ஒருவர், சல்பா மாத்திரை போட்டால் தனக்கு உடம்பெல்லாம் தடிக்கும் என்பதை இருபது நிமிடம் சொன்னார். தடித்த வருடம், அப்போது பெய்த மழை, கூட வந்த மச்சான் எல்லாம் சொன்னார். "இப்படி யாருமே கேட்டதில்லீங்க" என்று முடித்தார். நான் கேட்டதுமில்லை, இப்போதும் விரும்பிக் கேட்கவில்லை. ஆனால் அவருக்கு இரண்டாவதாக ஒரு மருந்தும் ஆகாது என்பது பதினெட்டாவது நிமிடத்தில்தான் வந்தது. இரண்டு மருத்துவமனைகளிலும் அது இல்லை.

ஜூலை 22, திங்கள்

211 முடிந்தது. ஒருவரைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். வேண்டுமென்று அல்ல என்று எழுத நினைத்தேன். வேண்டுமென்றுதான்.

ரங்கநாயகியம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அவரேதான் எடுத்தார். ஒவ்வொரு சொல்லும் தேய்ந்து, நின்று நின்று வந்தது. மருத்துவமனைப் பதிவுக்காகப் பேசுகிறேன், எந்த மருந்து ஆகாது என்று சரிபார்க்க வேண்டும் என்றேன்.

"பெனி... சிலின்" என்றார். "ஏனுங்க, ஒண்ணு கேக்கோணும். கோபில எழுதி வெச்சிருந்ததுங்க. என்ர கண்ணு முன்னால எழுதுனாங்க. அது எப்படீங்க இல்லாமப் போச்சு?"

இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று அறக்கட்டளை எழுதியே கொடுத்திருந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்ல வேண்டும். தாள் என் முன்னால்தான் இருந்தது. எதிர் மேசையில் ஷமீமா தலை நிமிராமல் தட்டெழுதிக்கொண்டிருந்தார்.

"நான் அழிச்சிட்டேன் அம்மா" என்றேன். "ரெண்டு பட்டியலையும் சேக்கறப்ப. ஒருத்தங்க அது தப்புன்னு எழுதியே குடுத்தாங்க. நான் படிக்கல."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் வீட்டில் எங்கோ குக்கர் விசில் அடித்தது. யாரோ வந்து யார் போனில் என்று கேட்டார்கள். அவர் என்னிடமே கேட்டார்.

"இப்ப எழுதியாச்சுங்களா?"

"எழுதிட்டேன் அம்மா."

"படிங்க."

"ரங்கநாயகி, ஐம்பத்திரண்டு வயது. பெனிசிலின் ஆகாது. கொடுக்கக் கூடாது."



"இன்னொருக்காப் படிங்க."

படித்தேன்.